குறியின் துல்லியம் துப்பாக்கியிலா, பிடிக்கும் கையிலா?

ஒரு துப்பாக்கி துல்லியமானதா என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. அதைப் பிடித்திருக்கும் கை துல்லியமானதா என்று கேட்டால்தான் பதில் சிக்கலாகிறது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் மான் வேட்டைப் பருவம் நெருங்கும்போதெல்லாம் மேடையேறும் பழைய வழக்கு இது. வழக்கின் நடுவே நிற்பது ‘பம்ப்’ ரைஃபிள். முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி அது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. நம் வாசகர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவலர் இடுப்பிலும் திரைப்படத்திலும் மட்டுமே பார்த்திருப்பார்கள். ஆனாலும் இந்த வழக்கில் எழும் கேள்வி எல்லாருக்கும் உரியதே. கருவி நல்லதாக இருந்தால் போதுமா? அதைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டுமா?

பிறந்த கதை

பம்ப் முறை புதியதன்று. கோல்ட் நிறுவனத்தின் ‘லைட்னிங்’ ரைஃபிள் 1884இல் சந்தைக்கு வந்தது. 1890இல் வந்த வின்செஸ்டரின் சிறிய பம்ப் ரைஃபிள், திருவிழாக்களில் பொம்மைகளைச் சுட்டுப் பரிசு வாங்கும் கடைகள்வரை பரவியது. ஆனால் மான் வேட்டைக்கு ஏற்ற வலிமையான பம்ப் ரைஃபிளைப் பிரபலமாக்கிய பெருமை ரெமிங்டன் நிறுவனத்தைச் சேரும்.

ஜான் பெடர்சன் வடிவமைத்த ‘மாடல் 14’ 1912இல் வெளிவந்தது. அதில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கூர்முனைத் தோட்டாவின் நுனி, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூட்டியில் இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. பெடர்சன் அந்தக் குழாயைத் திருகு வடிவில் முறுக்கிவிட்டார். தோட்டாக்கள் சற்றே சாய்ந்து நின்றதால் நுனி வெடிமூட்டியைத் தொடவில்லை.

1952இல் ‘மாடல் 760 கேம்மாஸ்டர்’ வந்தது. குழாய் போய், கழற்றி மாட்டக்கூடிய தோட்டாப் பெட்டி வந்தது. அதில் 4 தோட்டாக்கள் கொள்ளும். 1981 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்மாஸ்டர்கள் தயாராயின. பிறகு அதன் இடத்தை ‘7600’ பிடித்தது. ரெமிங்டன் நிறுவனம் 2020இல் திவாலாகிப் பிரித்து விற்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகரில் இருந்த அதன் பழம்பெரும் ஆலையும் 2024இல் மூடப்பட்டது. ஆலை மூடினாலும் துப்பாக்கிகள் ஓய்வு பெறவில்லை. தாத்தா வாங்கியதைப் பேரன் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு.

சட்டம் வளர்த்த செல்வாக்கு

பம்ப் ரைஃபிளுக்குப் பெயர்போன மாநிலம் பென்சில்வேனியா. விசையை அழுத்த அழுத்தத் தானாகவே தோட்டா ஏறும் அரைத் தானியங்கி ரைஃபிள்களை வேட்டைக்குப் பயன்படுத்த அங்கே நெடுங்காலம் தடை இருந்தது. 2017இல் அந்தத் தடை தளர்ந்தபோதும் சிறு விலங்குகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. மான் வேட்டைக்குக் கிடைக்கவில்லை. விரைவாக இரண்டாவது குண்டைச் சுட விரும்பியவர்கள் பம்ப் ரைஃபிளை நாடினார்கள். நவீன இயந்திரங்களைத் தவிர்த்துக் குதிரை வண்டியில் செல்லும் ஆமிஷ் மக்கள் அந்த மாநிலத்தில் அதிகம். அவர்களை வைத்து இந்த ரைஃபிளுக்கு ‘ஆமிஷ் இயந்திரத் துப்பாக்கி’ என்று கேலிப் பெயரே வந்துவிட்டது.

துல்லியம் குறைவு என்போர் வாதம்

முதல் அணியினர், தாழ்ப்பாளைப் போலக் கைப்பிடியைத் தூக்கி இழுக்கும் ‘போல்ட்’ ரைஃபிளே துல்லியத்தில் மேல் என்பார்கள். அவர்கள் காட்டும் காரணங்கள் மூன்று.

முதலாவது, குழலின் அதிர்வு. குண்டு புறப்படும்போது எஃகுக் குழல் கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டு ஒரே இடத்தில் போய் விழும். போல்ட் ரைஃபிளில் குழல் எதையும் தொடாதபடி கட்டையைச் செதுக்கி விடலாம். பம்ப் ரைஃபிளிலோ முன்பிடி ஓடுவதற்கென்றே ஓர் எஃகுக் குழாய் குழலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. முன்பிடியை அழுத்திப் பிடித்தால் அந்த அழுத்தம் குழலுக்குப் போகும், அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும்.

இரண்டாவது, விசை. பம்ப் ரைஃபிளின் விசை பொதுவாகச் சற்றுக் கனமானது. கனமான விசையை இழுக்கும்போது துப்பாக்கியே அசைந்துவிடும்.

மூன்றாவது, வெற்றுறையை வெளியே எடுக்கும் வலிமை. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது நெம்புகோல் பலம் கிடைக்கிறது. பம்ப் முறையில் அந்த நெம்பு பலம் குறைவு. அழுக்கடைந்த அல்லது அளவு சற்றுப் பெரிதான தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டால் கையால் எவ்வளவு இழுத்தாலும் வராமல் அடம்பிடிக்கும்.

போதிய துல்லியம் உண்டு என்போர் வாதம்

எதிரணியினர் கணக்குப் புத்தகத்தைத் திறப்பார்கள். 760இன் தாழ் சுழன்று குழலின் அடிப்பாகத்திலேயே நேராகப் பூட்டிக்கொள்கிறது. போல்ட் ரைஃபிளிலும் இதே தத்துவம்தான். ஆகவே நல்ல நிலையில் உள்ள பம்ப் ரைஃபிள், 100 கஜத்தில், அதாவது ஏறக்குறைய 91 மீட்டரில், மூன்று குண்டுகளை ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் போடுவது அரிதன்று.

இந்த ஒன்றரை அங்குலத்தின் பொருள் என்ன? தொலைவு இரட்டித்தால் சிதறலும் இரட்டிக்கும். 200 கஜத்தில் அது 3 அங்குலமாகும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம் கொண்டது. ஆக, 200 கஜத்தில்கூட துப்பாக்கியின் பிழை அந்தப் பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. வடகிழக்கு மாநிலங்களின் அடர்ந்த காடுகளில் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கண்ணில் படும். அங்கே அரை அங்குலத் துல்லியம் கூடுதலாக இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மாறாக, பம்ப் முறைக்கென்றே ஒரு வரம் உண்டு. போல்ட் ரைஃபிளில் அடுத்த தோட்டாவை ஏற்ற வலக்கை விசையை விட்டு விலக வேண்டும். தூக்கு, இழு, தள்ளு, இறக்கு என்று நான்கு அசைவுகள். பம்ப் ரைஃபிளில் வலக்கை விசையருகிலேயே இருக்கிறது. இடக்கை இழுத்துத் தள்ளினால் போதும். கண் குறியை விட்டு அகல்வதில்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவரும் அதே வசதியோடு சுடலாம்.

வெர்மான்ட் மாநிலத்தின் லாரி பெனுவா இதற்குச் சாட்சி. பனியில் பதிந்த குளம்புத் தடத்தை நாள் முழுக்கப் பின்தொடர்ந்து மானை நெருங்குவதில் பெயர் பெற்றவர் அவர், 2013இல் காலமானார். அவரும் அவருடைய பிள்ளைகளும் விரும்பித் தூக்கியது 760தான். மரங்களுக்கு நடுவே ஒரு கணம் தோன்றி மறையும் மானுக்கு, தோளில் சட்டென்று பொருந்தும் துப்பாக்கியே துணை.

கையாளும் முறை

இரு அணியும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. பம்ப் ரைஃபிளை அரைமனதாகக் கையாளக் கூடாது. பாதி தூரம் இழுத்து அவசரமாகத் தள்ளினால் வெற்றுறை வெளியேறாது, அல்லது புதிய தோட்டா ஏறாது. இரண்டும் மோதிச் சிக்கிக்கொள்ளும். இழுப்பதும் தள்ளுவதும் கடைசி முனைவரை உறுதியாக இருக்க வேண்டும்.

பாறைமீதோ வேலிக்கட்டைமீதோ முன்பிடியை நேராக வைத்துச் சுடக் கூடாது. நடுவில் கையையோ மென்மையான பையையோ வைக்க வேண்டும். குறி சரிபார்க்கும் நாளில் எப்படிப் பிடித்தாரோ, காட்டிலும் அப்படியே பிடிக்க வேண்டும். குழல் சூடேறினால் ஆறவிட்டுச் சுட வேண்டும். தரையில் படுத்துச் சுடும்போது முன்பிடியை இழுப்பது சிரமம் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

உயிர் தொடர்பான பாடம் இனிமேல்தான் வருகிறது. தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெட்டி போனாலும் குழலின் அடியறையில் ஒரு தோட்டா இருக்கலாம். அந்த ஒன்று போதும், வீட்டில் ஓர் உயிர் போக. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, பாதுகாப்புப் பொத்தானை அழுத்தி, பெட்டியைக் கழற்ற வேண்டும். பிறகு விசைக்காப்பு வளையத்துக்கு முன்னால் உள்ள விடுவிப்பானை அழுத்தி, முன்பிடியை முழுமையாகப் பின்னிழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்ய வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சுடாத துப்பாக்கியின் முன்பிடி பூட்டியே இருக்கும். விசையை இழுத்தவுடன் பூட்டு விடுபடும். விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், பழக்க தோஷத்தால் கை உடனே முன்பிடியை இழுத்துவிடும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவாக இருந்தால், திறந்த அறையில் முகத்துக்கருகே வெடிக்கும். குழலைக் குறியின் திசையிலேயே வைத்து அரை நிமிடமாவது காத்திருப்பதே முறை.

குண்டுக்குக் கண் இல்லை

1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 தோட்டாதான் இந்த ரைஃபிள்களில் பெரிதும் பயன்பட்டது. அதன் குண்டு நொடிக்கு சுமார் 820 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. குறி தவறினால் இரண்டு மைலுக்கு அப்பாலும் போய் விழக்கூடியது. மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடக் கூடாது என்பது இதனால்தான். பென்சில்வேனியாவில் மான் வேட்டையாடுவோர் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் மொத்தம் 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்ற விதி, மனிதனை மான் என்று எண்ணிச் சுடும் அவலத்தைத் தடுக்க வந்ததே.

வேட்டைக் கருவி மனிதனை நோக்கித் திரும்பினால் என்ன ஆகும் என்பதை உலகம் 1968 ஏப்ரல் 4ஆம் தேதி மெம்பிஸ் நகரில் கண்டது. மார்ட்டின் லூதர் கிங்கின் உயிரைப் பறித்தது ஒரு கேம்மாஸ்டர் 760. மான் வேட்டைக்காரர்கள் வாங்கும் அதே துப்பாக்கி, கடையில் பணம் கொடுத்து வாங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அஞ்சல் வழியாக மாநிலம் விட்டு மாநிலம் ரைஃபிள் விற்பது அதனால் நின்றது.

தீர்ப்பு

ஆக, இந்த வழக்கில் இரு அணியும் தோற்கவில்லை. காகிதக் குறிப்பலகையில் போல்ட் ரைஃபிள் வெல்லும். அடர்ந்த காட்டில் பம்ப் ரைஃபிள் ஈடுகொடுக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள அரை அங்குல வித்தியாசத்தைவிட, பயிற்சி பெற்ற கைக்கும் பெறாத கைக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரிது. பயிற்சியில்லாதவன் சுட்ட மான் காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

பம்ப் ரைஃபிள் இரண்டாவது வாய்ப்பை விரைவாகத் தருகிறது என்பது உண்மையே. அதை நம்பி முதல் குண்டை அலட்சியமாகச் சுடுபவனுக்கு எந்தத் துப்பாக்கியும் துல்லியமானதன்று. சுடலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் அந்த ஒரு நொடியில்தான் உண்மையான துல்லியம் இருக்கிறது.