ஷவருக்கு வேண்டியது உயரம்

ராஜபாளையத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மாடியில் இருந்த ஐந்நூறு லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு ஆயிரம் லிட்டர் வைத்தோம். ஷவரில் இன்னமும் தண்ணீர் ஃபோர்ஸாக வரவில்லை. ஏமாந்துவிட்டோமா?"

தொட்டி விற்றவர் மேல் குற்றமில்லை. தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற விவரமே குழாய்க்குத் தேவையில்லை. தண்ணீரின் மேல்மட்டம் குழாய் வாய்க்கு எத்தனை அடி மேலே நிற்கிறது என்பதுதான் கணக்கு. சைமன் ஸ்டெவின் என்பவர் 1586-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். ஆனாலும் எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அதன் உச்சியிலிருந்து தரை வரைக்கும் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். அதை நிரப்பப் பதினெட்டு லிட்டர் தண்ணீர் போதும். நிரப்பினால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ அழுத்தம். அந்தக் குழாய்க்குப் பதிலாக அவ்வூர்த் தெப்பக்குளமான திருமுக்குளத்தையே 192 அடி ஆழத்துக்கு வெட்டி நிரப்பினாலும் அடியில் அதே 6 கிலோதான். லாரி லாரியாகத் தண்ணீர் கொட்டினாலும் ஒரு பிடி கூடாது.

இப்போது வீட்டுக்கு வருவோம். மொட்டைமாடித் தளத்திலேயே தொட்டியை உட்காரவைத்தால், அதன் அடிப்பாகத்துக்கும் கீழே உள்ள ஷவருக்கும் இடையே நாலடி இருந்தால் அதிகம். தண்ணீர் குறையும் நேரத்தில் கிடைப்பது பத்தில் ஒரு கிலோ சொச்சம். தெருக் குழாயிலிருந்து ஒரு தளமுள்ள வீட்டுக்கே 7 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் வேண்டும் என்கிறது மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு. ஷவர் அழுது வடிவதில் வியப்பென்ன? தொட்டியை நாலடி மேடை கட்டி ஏற்றுங்கள். அந்த நாலடி எட்டடியாகிவிடும்.

மேடை கட்டுமுன் குழாயையும் பாருங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் அரை இஞ்சுக் குழாயை முக்கால் இஞ்சாக்கினால், அதே உயரத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் தண்ணீர் வரும். குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று சிக்கிக்கொள்வதும் உண்டு. கோலி சோடாவின் கழுத்தில் கோலி அடைத்து நிற்பதுபோல அந்தக் காற்று வழிமறிக்கும். தொட்டி வாயை ஒட்டி மேல்நோக்கி ஒரு ஏர் பைப் வைத்தால் போதும். போர் தண்ணீர் வீடுகளில் ஷவர் துளைகளை உப்பு அடைத்திருக்கும். வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும்.

தெருக் குழாய்ச் சங்கதி வேறு. நம் ஊர்களில் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். மேட்டுத் தெருவுக்கு வருவதற்குள் அழுத்தம் செத்துவிடும். அதனால் வாசலில் மூன்றடிக் குழி தோண்டி, அதற்குள் இறங்கிக் குடத்தை வைக்கிறார்கள். கணக்கு சரிதான், தொட்டியை உயர்த்த முடியாதவர்கள் குழாயைத் தாழ்த்துகிறார்கள். ஆனால் தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். குழியில் தேங்கிய அழுக்கு நீரை அது உள்ளே இழுக்கும். மறுமுறை திறக்கும்போது அதுதான் முதலில் யார் குடத்திலாவது விழும்.

இதைவிட மோசம், இணைப்பில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது. சட்டவிரோதம் என்று தெரிந்தே செய்கிறார்கள். மோட்டார் ஓடும்போது தெருக் குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடையும் உள்ளே வரும். கடைசி வீட்டுக்காரருக்கு அதுவும் வராது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கி ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேரும் நல்ல தண்ணீரை இப்படிக் கெடுக்க நமக்கு மனசு எப்படி வருகிறதோ!

தரையில் ஒரு சம்ப் கட்டி, தெருத் தண்ணீர் தானாக அதில் விழட்டும். அதிலிருந்து எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தெரு இணைப்பில் மோட்டார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.