எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?

தொடர் – 9

சுகர் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் சர்க்கரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அரிசியைக் குறை, கிழங்கைத் தொடாதே, மாம்பழம் ஆகாது என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். எதைச் சாப்பிடுவது என்ற பேச்சு நம் ஊரில் ஓயாமல் நடக்கிறது. எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது என்று பேசுகிறவர்கள் குறைவு. தேனி மாவட்டத்துக்கு அந்தப் பேச்சு அவசரமாகத் தேவைப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். பெரியவர்களில் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 25.5 சதவீதம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பிழைப்பு இந்த இரண்டு மாநிலங்களையும் நம்பித்தான் ஓடுகிறது. காய்கறி லாரி இரவில் மலையேறுகிறது, கூலிக்குப் போகிறவர்கள் விடியுமுன் மலையேறுகிறார்கள். அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடிதான் சாப்பாடும் தூக்கமும் தள்ளிப்போகின்றன.

உடம்புக்குள் பகலையும் இரவையும் கணக்கு வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருட்டிய பிறகு, நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பிருந்தே, மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்வது அதன் வேலை. இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களிலும் அந்த மெலடோனினை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. இரவு ஏற ஏற, கணையமும் கடை சாத்தத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு தட்டுச் சோறு உள்ளே போனால், காலையில் அதே சோறு ஏற்றுவதைவிடச் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும்.

இதை ஸ்பெயினில் 845 பேரிடம் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் தூங்குவதற்கு நான்கு மணி நேரம் முன்பும், இன்னொரு நாள் ஒரு மணி நேரம் முன்பும் ஒரே அளவு குளுக்கோஸ் கரைசல் கொடுத்தார்கள். தாமதமாகக் குடித்த நாளில் ரத்தத்தில் மெலடோனின் மூன்றரை மடங்கு இருந்தது, இன்சுலின் 6.7 சதவீதம் குறைந்தது, சர்க்கரை 8.3 சதவீதம் கூடியது. மெலடோனின் ஏற்பிக்கான மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்குப் பாதிப்பு அதிகம். ஆள் அவரேதான், குடித்ததும் அதேதான். மாறியது நேரம் மட்டும்.

சின்னமனூர், உத்தமபாளையம், தேனி என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் பரோட்டாக் கல் முழு வேகத்தில் இருக்கும். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை விசிறி, சுருட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் தட்டி உதிர்ப்பார்கள். பிய்த்துப் போட்டு மேலே சால்னா ஊற்றினால் நாலு பரோட்டா போகிற இடம் தெரியாது. லாரியில் லோடு ஏற்றிவிட்டு வருகிறவர், மில்லில் ஷிப்ட் முடித்தவர், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு வருகிறவர் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கும் அது மத்தியானத்துக்குப் பிறகு வாய்க்கும் முதல் முழுச் சாப்பாடு. அவர்களிடம் போய் 'ராத்திரி பரோட்டா கெடுதல்' என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. பசித்த மனிதருக்கு அந்த நேரத்தில் கிடைப்பது அதுதான்.

தூக்கம் குறைவதும் தனியாக ஒரு கேடு. 1999-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுச் சோதித்தார்கள். ஒரே வாரத்துக்குள் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. அமெரிக்க செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வந்தது. மாறி மாறி இரவுப் பணியில் 20 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களுக்கு, இரவுப் பணியே பார்க்காதவர்களைவிட நீரிழிவு அபாயம் 58 சதவீதம் அதிகம். அதில் ஒரு பகுதிக்கு உடல் எடை கூடியது காரணம்.

2023-ல் வந்த இன்னொரு ஆய்வில் சுமார் 64,000 செவிலியர்கள். இயல்பிலேயே தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழுகிறவர்களுக்கு அபாயம் 72 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. உணவு, உடற்பயிற்சி, எடை, புகைப்பழக்கம், தூக்க அளவு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகு அந்த 72, 19 ஆக இறங்கியது. எனக்கு இது நம்பிக்கை தரும் எண். இராக்கோழியாகப் பிறந்தவருக்கும் அபாயத்தின் பெரும்பகுதி பழக்கத்தின் வழியாகவே வருகிறது, பழக்கத்தில் கைவைக்க முடியும்.

கைவைக்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போகிறார்கள். ஐந்தரைக்கு ஜீப் என்றால் மூன்றரைக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும், தூக்குச்சட்டியில் சோறு கட்ட வேண்டும். சாயங்காலம் இறங்கி வந்தால் மறுபடி அடுப்பு, பாத்திரம், தண்ணீர். ராத்திரி எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் 'எல்லாரும் சாப்பிட்ட பிறகு' என்பதுதான் பதிலாக இருக்கும். பத்து, பத்தரைக்கு மீந்த சோறு, உடனே படுக்கை, ஐந்து மணி நேரத்துக்குள் எழுந்தாக வேண்டும். தாமதச் சாப்பாடு, குறைந்த தூக்கம் என்று மேலே சொன்ன ஆய்வுகள் தனித்தனியாகச் சோதித்த இரண்டு கேடுகளும் ஒரே உடம்பில் சேர்கின்றன. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற உடம்புக்குச் சுகர் வராது என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் இருப்பதால், இவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக யாருக்கும் தோன்றுவதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நல்ல திட்டம். வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் கதவைத் தட்டும் பகல் நேரத்தில் இந்தப் பெண்கள் மலைமேல் இருக்கிறார்கள். 2024-ல் அந்தத் திட்டம் வேலையிடங்களுக்கும் போனது. ஏலத்தோட்டம் இருப்பதோ கேரள எல்லைக்குள். இரண்டு அரசுகளின் கண்ணிலிருந்தும் நழுவுகிற இவர்களுக்கு மாலை ஏழு மணிக்கு மேலோ, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையோ ஊருக்குள்ளேயே பரிசோதனை வைக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்காத காரியம் இது. தேனி மாவட்ட நிர்வாகம் மனதுவைத்தால் ஒரு மாதத்தில் தொடங்கலாம்.

நீரிழிவின் வாசலில் நிற்பவர்களை உள்ளே போகாமல் தடுக்க முடியும் என்பதைச் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-லேயே காட்டிவிட்டது. 531 பேரிடம் மூன்றாண்டு நடந்த அந்த ஆய்வில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் 39.3 சதவீதம். அந்த ஆய்வில் சாப்பாட்டு நேரத்தைத் தனியாகச் சோதிக்கவில்லை. இனி அறிவுரையில் அதையும் சேர்த்தாக வேண்டும்.

முடிந்தவர்கள் இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். வேலையால் முடியாதவர்கள், ஏழு மணி டீயோடு போண்டா தின்னும் அந்த நேரத்தில் சாப்பாட்டின் பெரும்பங்கை முடித்துக்கொண்டு, வீடு திரும்பியபின் கொஞ்சமாகச் சாப்பிடலாம். சமைத்தவர் கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்தை வீட்டு ஆண்கள் இன்றைக்கே மாற்றலாம். அவர் தட்டும் முதல் பந்தியில் இருக்கட்டும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இரவுச் சாப்பாட்டை விடவோ நேரத்தை மாற்றவோ கூடாது. தூக்கத்தில் சர்க்கரை திடீரென இறங்கினால் ஆபத்து.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும்போது, முந்தின இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பதினொன்றரைக்குச் சாப்பிட்டு ஆறு மணிக்குக் கொடுத்த ரத்தத்தை வெறும் வயிறு என்று எழுதிக்கொள்ள முடியாது. அப்படியானால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுக்கலாமா என்று கேளுங்கள். அதற்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை, எந்த நேரத்திலும் கொடுக்கலாம்.

(தொடரும்)