இனிப்பு ஆசையும் இடுப்பளவும்

வைத்திக்குப்பத்தில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர், டாக்டர் சொன்னதன் பேரில் நான்கு மாதமாக எடையைக் குறைக்கப் பாடுபடுகிறார். இரவுச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறிவிட்டார். விடிகாலையில் குருசுக்குப்பம் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போய் நடந்துவிட்டு வந்துதான் கடை திறக்கிறார். ஆனாலும் ஒரு கிலோ கூடக் குறையவில்லை. "பகலெல்லாம் வாயைக் கட்டுகிறேன், நாலு மணி ஆனால் கை தானாகப் பிஸ்கட் டின்னுக்குப் போய்விடுகிறது" என்று சங்க அலுவலகத்தில் வருத்தப்பட்டார். கேட்டவர்கள் சிரித்தோம். சிரித்து முடித்துப் பார்த்தால் எல்லோர் கதையும் அதுதான்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, புதுச்சேரியில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவாவுக்கு (26.4) அடுத்த இடம் நம்முடையது. அதாவது கடைக்கு வரும் நால்வரில் ஒருவர். கல்லாவின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாமும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் நம் நாட்டவருக்கு எச்சரிக்கை என்கிறார்கள் டாக்டர்கள். நம்மில் பலருடையது ஒற்றை ஆள் கடை. ஆறாத கால் புண்ணோடு ஒரு மாதம் படுத்தால் ஷட்டர் இறங்கிவிடும். நோட்டில் எழுதிய கடன் பாக்கியும் வசூலாகாது.

மேற்படி நண்பரின் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்கு ஆறு டீ. மொத்த வியாபாரி வந்தால் ஒன்று, சேல்ஸ்மேன் வந்தால் ஒன்று, மழை பெய்தால் ஒன்று. கிளாஸுக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 10 கிராம் சர்க்கரை. ஆறுக்கு 60 கிராம். வருடத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ. அரை மூட்டைச் சர்க்கரையில் மூன்று கிலோதான் குறைவு! இது டீயில் போவது மட்டும். பிஸ்கட்டும் கலரும் தனிக் கணக்கு. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 60 கிராம் என்பது 240 கலோரி. அதைக் கரைக்க ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். நண்பர் காலையில் நடந்து சம்பாதித்ததை மாலைக்குள் டீக்கடையில் கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

சரி, ஆசை ஏன் வருகிறது? மன உறுதி இல்லாததால் என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதில் பயனில்லை. பெரும்பாலும் அது பசிதான். ஐந்தரை மணிக்குக் கடை திறந்தால் பதினொரு மணி வரை டீயும் பன்னுமே ஆகாரம். மாவும் சர்க்கரையும் இரத்தத்தில் சீக்கிரம் ஏறி, இன்சுலின் சுரந்து, சீக்கிரமே இறங்கும். இறங்கியதும் உடம்பு மறுபடியும் இனிப்பைக் கேட்கும். இரவு பதினொரு மணிக்குக் கணக்கு முடித்து நான்கு மணிக்கு எழுந்தால், தூக்கம் குறைந்த உடம்பில் பசி இன்னும் கூடும். இதற்கு மேல், எட்டும் தூரத்தில் கடலை மிட்டாய் பாட்டில் வேறு. ஊரில் வேறு எந்தத் தொழில் செய்பவருக்கும் இந்தச் சோதனை இல்லை.

ஆகவே முதல் வேலை இனிப்பை நிறுத்துவதல்ல, காலையில் ஒழுங்காகச் சாப்பிடுவது. இட்லியோடு சாம்பாரைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம், ஒரு முட்டை சேர்க்கலாம். பகலில் சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டலாம். நெத்திலியும் மத்தியும் கரைக்கு வரும் ஊரில் இருந்துகொண்டு ஊறுகாயோடு சோறு தின்பானேன்? பொரிக்காமல் குழம்பாக இருந்தால் நல்லது. நாலு மணிக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், காலையிலேயே வீட்டில் வேகவைத்து எடுத்துவந்தது. சரக்கு நம் கடையில் இருப்பதுதான். வேர்க்கடலையும் நல்லதே, ஆனால் ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் எடை ஏறும்.

டீயை ஒரேயடியாக 'வித்தவுட்' ஆக்கியவர்கள் மூன்றாம் நாளே பழையபடி திரும்பியதைப் பார்த்திருக்கிறோம். டீ மாஸ்டரிடம் சொல்லி முதலில் அரைத் தேக்கரண்டி மட்டும் குறையுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு அரை. நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும். பிறகு பழைய டீயைக் குடித்தால் பாயசம் போலிருக்கும். ஆறு டீயை மூன்றாக்குவதும் ஒரு வழி. பேச வந்தவருக்கு வாங்கிக் கொடுங்கள், கூடக் குடித்தே ஆக வேண்டுமென்பதில்லை. ஆசை வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் பின்பக்கம் சரக்கு அடுக்கப் போனால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். மிட்டாய் பாட்டிலைக் கையெட்டாத அலமாரிக்கு மாற்றுவதும் உதவும். மாசி மகத்தன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது பானகத்தை வேண்டாமென்று சொல்லச் சொல்லவில்லை. வருடத்தில் ஒரு நாள் யாரையும் குண்டாக்காது.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனெனில் விற்பவர்கள் நாம். கலோரிக் கணக்கில் வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரத்தச் சர்க்கரையை இரண்டுமே ஏற்றும். "சுகர்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று சொல்லி நாட்டுச் சர்க்கரை விற்பது தவறு. அதைச் சொல்லிச் சொல்லி நாமே நம்பி இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்கிறோம். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டிலும் மாவும் கொழுப்பும் இருக்கின்றன. பாக்கெட்டின் பின்புறம் கலோரி அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கவும். இனிப்பு மாத்திரைகளை எடை குறைப்புக்கு நம்பக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்துள்ளது.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, தலை சுற்றினால் அது சர்க்கரை இறங்கியதன் அடையாளம். அப்போது மட்டும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கடைப் பையனுக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது. இதுவரை இரத்தப் பரிசோதனையே செய்யாதவர்கள் ஒரு நாள் கடை திறக்குமுன் வெறும் வயிற்றில் செய்துகொள்ளுங்கள். 100-க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 126-ஐத் தொட்டால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

எடை பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு நாள், காலையில் சாப்பிடுமுன் அதில் ஏறி நின்று, எண்ணைக் கடைக் காலண்டரில் குறித்து வரலாம். முத்திரை போட்ட தராசு, பொய் சொல்லாது. வைத்திக்குப்பம் நண்பர் சென்ற மாதம் இப்படித் தொடங்கியிருக்கிறார். டீ மூன்றாகிவிட்டது, கரண்டி ஒன்றாகிவிட்டது. காலண்டரில் முதல் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையே ஒன்றேகால் கிலோ வித்தியாசம் இருக்கிறது.