இறக்க முடியாத பாய்

ராயபுரத்தில் நாங்கள் ஆடிய மைதானத்தில் ஸ்கோர் போர்டு என்றால் இரண்டு சவுக்குக் கம்பு, குறுக்கே நாலு சட்டம், ஆணியில் தொங்கும் தகரத் தட்டுகள். பிற்பகலில் கடல்காற்று எழுந்தால் தட்டுகள் மோதிக் கலகலக்கும். எப்போதாவது ஒரு ஏழு கழன்று பாயின்ட்டில் நிற்பவன் காலடியில் விழும். அதற்கு மேல் சேதமில்லை. காற்று இடைவெளியில் புகுந்து போய்விடும்.

இன்று சேப்பாக்கத்தில் எல்.இ.டி. திரை. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் முழுக்க இரும்பு. ஐஎஸ் 875 தரநிலை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் விழும். 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரத்தில் ஒரு திரை என்று வைத்துக்கொண்டால் 9 டன். திரையின் சொந்த எடையோ இரண்டு மூன்று டன்தான். எடையைத் தாங்குவது எளிது. கவிழாமல் பிடித்து வைப்பதில்தான் அஸ்திவாரச் செலவெல்லாம்.

கட்டுமரத்தில் பாய் விரித்துப் போன காசிமேட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். காற்று மிஞ்சினால் முதலில் பாயை இறக்குவார்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் பெரிய கிரேன்களைத் தரையோடு பூட்டிக் கட்டுவார்கள். மைதானத்துத் திரையோ இறக்கவும் முடியாத, சுருட்டவும் முடியாத பாய்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது சேப்பாக்கத்தில் சைட் ஸ்கிரீன்கள் சாய்ந்தன. நாலே நாளில் இங்கிலாந்து டெஸ்ட். ஈரமான ஆடுகளத்தைத் தணல் வைத்துக் காயவைத்தார்கள். அந்த டெஸ்ட் என்றால் எல்லாருக்கும் கருண் நாயரின் 303 நினைவுக்கு வரும். எனக்குச் சாய்ந்த சைட் ஸ்கிரீனும் சேர்ந்தே வரும். காற்று நுழைய வழியில்லாத பரப்பு எதற்கும் அதே ஆபத்துதான்.

தகரத் தட்டு கோணலாகத் தொங்கினாலும் ஏழு ஏழுதான். இன்று சட்டம் சில மில்லிமீட்டர் வளைந்தாலே, திரையாகச் சேர்த்து அடுக்கிய எல்.இ.டி. பெட்டிகளுக்கு நடுவே கோடு விழும், பேட்ஸ்மேன் முகத்துக்குக் குறுக்கே. வெயிலே போதும்: 30 டிகிரி சூடு ஏறினால் 10 மீட்டர் இரும்பு மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அதற்கும் இடம்விட்டுத்தான் பூட்ட வேண்டும்.

அப்புறம் கடல்காற்றின் உப்பு. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை ஜன்னல் கம்பி செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கால்வனைஸ் செய்த சட்டத்திலும் உப்பு முதலில் பிடிப்பது போல்ட் தலையையும் வெல்டிங் ஓரத்தையும்தான். புதுத் திரை வந்தால் எத்தனை அடி, எவ்வளவு துல்லியம் என்று செய்தி வருகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் யாராவது பின்பக்கம் ஏறி, ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார்களா என்றுதான் நான் கேட்பேன்.