குடி குடியைக் கெடுக்கும் வகை

‘குடி’ என்னும் சொல் தமிழில் குடும்பத்தைக் குறிக்கும், மதுவருந்துதலையும் குறிக்கும். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்னும் வாசகம் இவ்விரு பொருளையும் ஒருங்கே கொண்டு எழுந்தது. எவ்வாறு கெடுக்கும் என்று வினவினால், பொருள் போகும், மானம் போகும் என்பதோடு பலரும் நின்றுவிடுவர். அவற்றினும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. குடிப்பவன் ஒருவன், பொய் சொல்லப் பழகுவதோ வீடு முழுவதும். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் திரைப்படம் ஒன்றை ஈண்டு நோக்குவோம்.

பில்லி வைல்டர் இயக்கத்தில் 1945இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’ என்பதே அப்படம். ‘தொலைந்துபோன வாரக் கடைசி’ எனப் பொருள் கொள்ளலாம். சார்லஸ் ஜாக்சன் 1944இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. சிறந்த படம், இயக்கம், நடிப்பு, திரைக்கதை ஆகிய நான்கிற்கும் ஆஸ்கார் பரிசு பெற்றது.

நியூயார்க் நகரில் வாழும் டான் பர்னம் எழுத்தாளனாக விரும்புகிறவன், எழுத இயலாதவன். உண்டியும் உறையுளும் அளித்து அவனைக் காப்பவன் உடன்பிறந்த விக். டானைக் குடியிலிருந்து விலக்கி நாட்டுப்புறத்திற்கு அழைத்துச் செல்ல அவன் ஆயத்தமாகின்றான். டானோ சன்னலுக்கு வெளியே கயிற்றில் புட்டியைத் தொங்கவிட்டிருக்கின்றான். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வைத்த 10 டாலரையும் எடுத்துக்கொண்டு, பணம் இல்லை என்று அவளிடமே பொய் கூறுகின்றான். சலித்துப்போன விக் தனியே ஊருக்குப் புறப்பட்டு விடுகின்றான்.

இப்படத்தின் உயிர்நிலை, முன்னிகழ்ச்சியாக வரும் ஒரு காட்சியில் இருக்கின்றது. டானை விரும்பும் ஹெலன் எதிர்பாராமல் வீட்டிற்கு வருகின்றாள். டான் உள்ளறையில் மறைந்திருக்கின்றான். அவள் கண்ணில் ஒரு புட்டி படுகின்றது. விக் சற்றும் தயங்காமல், அது தன்னுடையதே என்கின்றான். குடிகாரன் தானே என்று பழியை ஏற்றுக்கொள்கின்றான். இது பாசமே, ஐயமில்லை. ஆயினும் அப்பாசம் நோயைக் காக்கும் வேலியாகிவிட்டது. அதனைக் கேட்டுப் பொறாமல் டானே வெளியே வந்து உண்மையைச் சொல்லுகின்றான். பிறருடைய பொய்யினால் காக்கப்பட்டவன், தன் வாயினாலேயே தன் நிலையைச் சொல்லும் அவ்விடம் நம் நெஞ்சை விட்டு அகலாது.

எனினும், உண்மையை ஒருமுறை சொல்லிவிட்டதால் நோய் தீர்ந்துவிடவில்லை. பிழைப்புக்குரிய தட்டச்சுப் பொறியை அடகு வைக்கத் தெருத்தெருவாக அலைகின்றான். யூதர்களின் நோன்பு நாளாதலால் அடகுக் கடைகள் அடைத்துக் கிடக்கின்றன. பெல்வியூ மருத்துவமனையின் குடிநோயாளர் பிரிவில் கண் விழித்து, தன்னைப் போன்றோரின் அலறலைக் கேட்கின்றான். பிறன் மயக்கத்தைத் தெளிந்த வேளையில் காண்பவன் தன் சோர்வை எண்ணமாட்டானோ என்னும் கருத்தைக் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கூறியுள்ளார் வள்ளுவர். டான் காண்கின்றான், அஞ்சுகின்றான், தப்பி வந்து மீண்டும் குடிக்கின்றான். அச்சம் மட்டும் மருந்தாவதில்லை என்பது இதனால் புலனாகும்.

ஹெலனும் டானும் முதலில் அறிமுகமானது இசை நாடக அரங்கில் மேலங்கிகள் மாறியதால். அவளுடைய அம்மேலங்கியையே இறுதியில் கொண்டுபோய்க் கொடுத்து, தன்னை மாய்த்துக்கொள்ளத் துப்பாக்கி பெறுகின்றான். உறவைத் தொடங்கி வைத்த பொருளே உயிரைப் போக்கும் கருவிக்கு விலையாகின்றது. ஹெலன் தடுத்து நிறுத்துகின்றாள். அவன் எரியும் சிகரெட்டை மதுக் கிண்ணத்திலிட்டு, தன் கதையைத் தானே எழுத முற்படுவதோடு படம் முடிகின்றது. மூலப் புதினம் இத்தகைய நம்பிக்கையை அளிக்கவில்லை. திரைப்படத்தின் முடிவு எளிதாகத் தோன்றினும், மறைத்த கதையை மறைக்காமல் எழுதுவதே மீட்சியின் முதற்படி என்பது பொருத்தமே.

இக்கருத்து திரையோடு நிற்பதன்று. குடிநோயாளர் ஒன்றுகூடித் தம் நிலையை வெளிப்படையாகப் பேசும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் அமெரிக்காவில் 1935இல் தோன்றியது. அவர்தம் குடும்பத்தாருக்கென ‘அல்-அனான்’ 1951இல் அமைந்தது. குடிப்பவனுக்கு மட்டுமன்றி, அவனைச் சூழ்ந்தோருக்கும் துணை வேண்டும் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பாடம் உண்டு. “அப்பாவுக்குக் காய்ச்சல், ஐயா” என்று தலைகுனிந்து சொல்லும் பிள்ளையும் விக்கின் பணியையே செய்துகொண்டிருக்கலாம். அப்பொய்க்காக அவனைத் தண்டித்தல் தகாது. வகுப்பில் பலர் முன்னிலையில் கிளறுவதும் தகாது. தனியே அழைத்து, தந்தையின் நோய்க்கு அவன் பொறுப்பாளியல்லன் என்று உணர்த்துவோம். உண்மையை அஞ்சாமல் சொல்லக்கூடிய ஓரிடமாவது அப்பிள்ளைக்கு இருத்தல் வேண்டும். அது பள்ளியாக இருக்கட்டும்.