பனிக்கடலில் ஒரு முழுக்கு

மார்கழி மாதத்து விடியற்காலையில் குளத்துப் படிக்கட்டில் நின்று, தண்ணீரில் ஒரு விரலை மாத்திரம் விட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஆகட்டும்" என்று வீடு திரும்பும் புண்ணியவான்கள் நம்மில் அநேகர் உண்டு. அதே மார்கழியில், பூமியின் தென்கோடியில் உள்ள அண்டார்க்டிகாக் கடலில், வேண்டுமென்றே கப்பலிலிருந்து குதித்து முழுக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

அங்கே அது கோடைக்காலம். ஆனால் அந்தக் கோடையைக் கண்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது. கடல்நீரின் உஷ்ணம் அப்போதும் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கும். உப்பு கலந்த நீராகையால், பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 1.8 டிகிரி வரையில் அது உறைவதில்லை. நன்னீராயிருந்தால் பனிக்கட்டியாகியிருக்க வேண்டிய குளிரிலும் அது சாவதானமாக அலையடித்துக் கொண்டிருக்கும்.

1966-ம் வருஷத்தில் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் உல்லாசப் பிரயாணிகளை அந்தப் பிரதேசத்துக்கு அழைத்துச் சென்றார். அதன் பிறகு இந்த யாத்திரை நன்றாக வேரூன்றிவிட்டது. ஆர்ஜெண்டினாவின் தென்முனையிலுள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்கள், கொந்தளிப்புக்குப் பேர்போன டிரேக் ஜலசந்தியைச் சுமார் இரண்டு நாட்களில் கடந்து போகின்றன. அங்கே கடல் அமைதியாக உள்ள ஒரு நாளில், "முழுக்குப் போட விரும்புகிறவர்கள் வரலாம்" என்று அறிவிப்பு வரும். முதலில் பிரயாணிகள் குதிப்பார்கள். சில கப்பல்களில், அவர்களுடைய ஆரவாரம் அடங்கிய பிறகு, சிப்பந்திகளுக்கும் முறை வருகிறது.

இந்தச் சிப்பந்திகள் யார்? சமையற்காரர், அறைகளைப் பெருக்குகிறவர், துணி வெளுக்கிறவர், இயந்திர அறையில் எண்ணெயும் வியர்வையுமாக நிற்கிறவர் முதலியோர். பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா முதலிய பல தேசங்களிலிருந்து வந்து, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து உழைக்கிறவர்கள். ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று 2006-ம் வருஷத்துச் சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம் விதிக்கிறது. வரம்பே 14 மணி என்றால், அவர்களுடைய நாள் எப்படிப்பட்டது என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

குதிப்பதற்கு முன் ஏற்பாடுகள் பலமாகவே நடக்கின்றன. கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு மேடை. குதிக்கிறவரின் இடுப்பில் பட்டை, பட்டையில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேடையில் நிற்பவர் கையில். அருகே ஒரு ரப்பர்ப் படகு காத்திருக்கும். வைத்தியரும் தயாராக இருப்பார். இருதய வியாதி உள்ளவர்கள் இந்த விளையாட்டின் பக்கமே போகலாகாது.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு? குளிர்ந்த நீரில் விழுந்தவன் விறைத்துப் போய்ச் சாகிறான் என்று நாம் எண்ணுகிறோம். தேகம் விறைக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அபாயம் அதற்கு வெகு முன்னதாகவே வந்துவிடுகிறது. குளிர் சருமத்தைத் தாக்கிய கணத்தில், நம்மையறியாமலே வாய் திறந்து ஒரு பெருமூச்சு உள்ளே போகிறது. அந்தச் சமயத்தில் தலை நீருக்குள் இருந்துவிட்டால், காற்றுக்குப் பதில் கடல் நீர் நெஞ்சுக்குள் புகும். பிறகு மூச்சு இரைக்கிறது, இருதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் அப்போது செய்வதறியாமல் திகைப்பான்.

கனடா தேசத்து விஞ்ஞானியான கார்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிஷம். கை கால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிஷம். நினைவு தப்புவதற்குச் சுமார் 1 மணி நேரம். ஆகவே, தவறி விழுந்தவன் முதல் நிமிஷத்தில் நீந்தப் பார்க்காமல், தலையை மேலே வைத்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

1912-ம் வருஷத்தில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். அவர்களில் அநேகர் மிதவைச் சட்டை அணிந்திருந்தும் குளிரினாலேயே மாண்டார்கள். கப்பலில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு அத்தகைய நீரில் விழும் நாள் என்றேனும் வரலாம். திகில் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும் என்பதைத் தேக அனுபவமாகவே ஒரு முறை கண்டுகொண்டவனுக்கு, அந்த நாளில் அந்த ஞாபகம் கைகொடுக்கக் கூடும்.

இந்தக் கடலில் நெடுந்தூரம் நீந்திய வீராங்கனைகளும் உண்டு. 2002-ல் அமெரிக்கரான லின் காக்ஸ் ஒரு மைலுக்கு மேல், 25 நிமிஷம் நீந்தினார். 2015 ஜனவரியில் நம் ராஜஸ்தானத்து உதயப்பூரைச் சேர்ந்த பக்தி சர்மா 1 டிகிரிக் குளிரில் 1.4 மைல் தூரத்தை 41 நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்து, பாரத நாட்டுக்கே பெருமை தேடித் தந்தார். அவையெல்லாம் நீண்டகாலப் பயிற்சியின் பலன். கப்பல் சிப்பந்தி நீரில் இருப்பதோ சில விநாடிதான்.

ஆனால் அந்தச் சில விநாடிகளில் ஒரு விசேஷம் இருக்கிறது. கப்பலைப் போல் அந்தஸ்து பார்க்கும் இடம் உலகத்தில் வேறு ஏது? உத்தியோகஸ்தருக்கு ஒரு சாப்பாட்டு அறை, சிப்பந்திக்கு வேறோர் அறை. தோள்பட்டையிலுள்ள பொன்னிறப் பட்டைகளை எண்ணியே மரியாதை செய்வார்கள். குளிக்கும் உடையில் தோள்பட்டை ஏது? உத்தியோகஸ்தரும் பாத்திரம் தேய்க்கிறவரும் ஒரே மாதிரி அலறுகிறார்கள். ஒரே மாதிரி நடுங்கிக் கொண்டு ஏணியில் ஏறுகிறார்கள். நேற்றுக் கட்டளையிட்டவர், இன்று கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர் நீட்டும் துண்டை வாங்கிப் போர்த்திக் கொள்கிறார்.

மறுநாள் காலையில் பழையபடி பட்டைகள் தோளில் ஏறிவிடும். வேலையும் குறையப் போவதில்லை. ஆயினும், தன் கயிற்றை நழுவவிடாமல் பிடித்திருந்த கை எது என்பதை நீரில் குதித்தவர் லேசில் மறக்க மாட்டார்.