தொட்டிச் செடிக்கு வைத்தியமா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்!

"செம்பருத்தியிலே பஞ்சு ஒட்டினாப்போல வெள்ளை வெள்ளையா இருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?"

இராமநாதபுரத்தில் எங்கள் தெருப் பெண்களில் வருஷத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் இப்படிக் கேட்டு விடுகிறார்கள். மொட்டை மாடியில் நாற்பது தொட்டி வைத்திருக்கிறேன் அல்லவா? அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஓர் எண்ணம். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டுத் தண்ணியிலே சோப்பு நுரைக்குமா?" என்பதுதான். செடியைப் பற்றிக் கேட்டால் சோப்பைப் பற்றிப் பேசுகிறாளே என்று முறைப்பார்கள். காரணம் இருக்கிறது. நம் கடற்கரைப் பக்கத்தில் பூச்சியால் செத்த தொட்டிச் செடிகளைவிட, பூச்சிக்குச் செய்த வைத்தியத்தால் செத்த செடிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பூச்சியா, உப்பா?

மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பக்கத்துச் சகோதரிகள் இதை முதலில் கவனிக்க வேண்டும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது செடியின் இலை ஓரமும் நுனியும் தீய்ந்தாற்போல் பழுப்பாகின்றன. உடனே பூச்சி என்று முடிவு கட்டாதீர்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒன்றும் ஊரவில்லை, பிசுபிசுப்பு இல்லை, தொட்டியின் விளிம்பில் வெள்ளையாய்ப் பொரிந்திருக்கிறது என்றால் அது உப்பின் வேலை. காற்று கொண்டு வரும் உப்பும், ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்து செய்வது. இதற்கு எந்த மருந்தும் வேண்டாம். தொட்டியின் அடித்துளையில் அடைப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு, நல்ல தண்ணீரை இரண்டு மூன்று தடவை வழிய வழிய ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். இலைகளையும் நல்ல தண்ணீரால் அலசி விடுங்கள்.

இலை முழுவதும் ஊசியால் குத்தினாற்போல் பொடிப் பொடியாய் வெளுத்திருந்தால் ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அது செம்பேன். நம் ஊர் வெயிலும் வறட்சியும் அதற்கு விருந்து. மல்லிகையை மிகவும் படுத்தும். ஆனால் தண்ணீர் அதற்கு ஆகாது. மூன்று நாளைக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி வந்தாலே பெரும்பாலும் அடங்கி விடும். செம்பேனுக்குக் கந்தகத் தூள் கரைத்து அடிப்பார்கள். வயலில் அது சரி. ஆனால் கடும் வெயிலில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தால் இன்னும் மோசம். மொட்டை மாடித் தொட்டிக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி.

நுரைக்காத சோப்பு கொல்லாது

மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ மூன்றுக்கும் சோப்புக் கரைசல் நல்ல மருந்து. சோப்பு பூச்சியின் மெல்லிய தோலைச் சிதைத்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றி விடுகிறது. ஆனால் ஈரமாகப் பூச்சியின் மேல் படும்போதுதான் அந்த வேலை நடக்கும். காய்ந்த பிறகு ஒன்றும் இல்லை.

நம் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் வருவது கடினத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து ஆடையாய் மிதக்கும். குளிக்கும்போது பார்த்திருப்பீர்களே, வாளி ஓரத்தில் ஒட்டும் அந்த அழுக்குத் திரை! அதைத் தெளித்தால் பூச்சி சாகாது. இலையின் மேல் படிந்து செடிதான் வாடும். "சோப்புத் தண்ணி அடிச்சேன், கேக்கலே" என்பவர்கள் அடுத்தபடியாகச் சோப்பை இரண்டு மடங்காக்குவார்கள், அல்லது துணி துவைக்கும் பவுடரைக் கரைப்பார்கள். பவுடர் எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்தான். ஆனால் இலையின் மெழுகுப் பூச்சையும் கழுவிக்கொண்டு போய்விடும். மறுநாள் வெயிலில் இலை கருகும்.

ஆகையால் மருந்து கலக்க மட்டுமாவது மழைத் தண்ணீரோ, ஊரணித் தண்ணீரோ, காவிரிக் குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்து மூடி வைத்து விடுகிறேன். செடி மருந்துக்கு அது வருஷம் முழுக்கக் காணும். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சாதாரணக் கட்டிச் சோப்புச் சீவல் போதும். கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஆற வைத்து, மீதித் தண்ணீர் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் அலசி விடுங்கள். முட்டைகள் இதற்குச் சாகாது; குஞ்சு பொரித்து வரும். எனவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை செய்ய வேண்டும். எந்த மருந்தானாலும் முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெரணிச் செடி, சதைப்பற்றுச் செடி, ரோமம் உள்ள இலைகள் எல்லாம் சோப்பைத் தாங்குவதில்லை. வாடிக் கிடக்கும் செடிக்கு மருந்தே அடிக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றி, அது நிமிர்ந்த பிறகு அடியுங்கள்.

நாலைந்து பூச்சிதான் என்றால் தெளிக்கவே வேண்டாம். மருந்துக் கடையில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, பூச்சியின் மேல் மட்டும் தொட்டு எடுங்கள். அடுப்பு எரியும் இடத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

வேப்பமரம் நமக்குப் பஞ்சமில்லை. ஆனியிலும் ஆடியிலும் விழும் வேப்பம்பழங்களைப் பொறுக்கிக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி வையுங்கள். தோடு நீக்கிய பருப்பு 50 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, துளி சோப்பு சேர்த்து அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. சோப்போடு முதலில் நன்றாகக் குழைத்துக்கொண்டு பிறகுதான் தண்ணீரில் விட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதந்து, பட்ட இடமெல்லாம் இலை வெந்துபோகும். வேம்பு உடனே கொல்லாது. பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் செய்யும். இரண்டு நாள் பொறுமை வேண்டும்.

அந்தக் குளிர்பான பாட்டில்

அடுத்த தெரு மதினி ஒருவர் பொறுமை இழந்து, சொந்தக் கிராமத்தில் மிளகாய்த் தோட்டத்துக்கு அடித்து மிஞ்சிய மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொண்டு வந்திருந்தார். பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. திண்ணையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட உள்ளே வந்தார். நாங்கள் வெளியே வரும்போது அவருடைய மூன்று வயதுப் பேத்தி அந்த பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது! நல்லவேளை, இறுக்கமான மூடி. மதினிக்குக் கை கால் நடுங்கிப்போய், திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு செம்பருத்திக்காகப் பிள்ளையைப் பறிகொடுக்கப் பாத்தேனே!" என்று அவர் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

வயல் மருந்து வீட்டுக்குள் வரவே கூடாது. அப்படி எந்தக் குழந்தையாவது குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே பட்ட துணியைக் கழற்றிவிட்டு உடம்பைக் கழுவி, 108க்குச் சொல்லி, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நண்பர்களும் இருக்கிறார்கள்

செம்பருத்தியில் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, அதே வெள்ளை நிறத்தில், நூல் நூலாய் நீண்ட பஞ்சு முடியோடு ஒன்று சுறுசுறுப்பாய் ஓடினால் அதை நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1898லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து காபித் தோட்டங்களுக்காக நம் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்ட இனம். மாவுப்பூச்சி மந்தமானது, இது வேகமாய் நடக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

2008இல் கோவைப் பக்கம் முதலில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பலருக்கு ஞாபகம் இருக்கும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. என்ன மருந்து அடித்தும் அதன் மெழுகுக்குள் இறங்கவில்லை. கடைசியில் 2010இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சின்னதான ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். அவற்றை வளர்த்துத் தமிழ்நாடெங்கும் விட்டார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு அதைத் தின்றே வளரும். சில மாதங்களில் பூச்சி மட்டுப்பட்டது. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரிக் குளவிகள்தான்.

எறும்பைக் கவனிக்க மறக்காதீர்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். தொட்டி வைக்கும் ஸ்டாண்டின் கால்களில் விளக்கெண்ணெய்த் துணியைச் சுற்றினால் ஏறாது. தட்டில் தண்ணீர் நிறுத்தாதீர்கள், டெங்குக் கொசு வளரும். எறும்புச் சாக்பீஸ் வேண்டவே வேண்டாம், குழந்தை எடுத்து வாயில் வைக்கும். (ரோஜாவுக்கு மீன் கழுவின தண்ணீர் ஊற்றும் நம் ஊர் வழக்கமும் எறும்பைக் கூப்பிடும். உப்புப் போட்டுக் கழுவிய தண்ணீர் என்றால் செடிக்கும் கேடு.)

கறிவேப்பிலைக்கு நான் எந்த மருந்தும் அடிப்பதில்லை. தினமும் குழம்பில் போடுவதாயிற்றே! அதைத் தின்பது பெரும்பாலும் ஒரு பட்டாம்பூச்சியின் புழு. சிறிதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரியும், வளர்ந்தபின் இலைப் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலையிலிருந்து சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் விடும். கடிக்காது. கையால் எடுத்து, நாலு கறிவேப்பிலைக் கொத்தோடு கண்ணாடி ஜாடியில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள். இலையை மட்டும் தினமும் மாற்ற வேண்டும். கூண்டு கட்டி, இரண்டு வாரத்துக்குள் பட்டாம்பூச்சியாகி வெளியே வருவதைப் பார்க்க எங்கள் வீட்டு வாண்டுகள் பள்ளிக்கூடம் போக மறுத்ததுண்டு.

புதுச் செடி வாங்கினால், அது தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றாகவே இருக்கட்டும், இரண்டு மூன்று வாரம் மற்றத் தொட்டிகளோடு சேர்க்காமல் தனியே வைத்திருந்து, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு சேருங்கள்.